காட்சியும் கிராமமும்: மாத்தளை பற்றிய பயண எழுத்துக்கள் குறித்துச் சில குறிப்புகள்

மாத்தளை மாவட்டம் பற்றிய பயண நூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் 'பழமை மாறாத கிராமம்' என்னும் கருத்து மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது. சிகிரியாவை அண்டிய ஊர்களின் மாட்டுவண்டிச் சவாரியும் தாமரையிலைச் சோறும், லக்கலப் பகுதியின் படிவயல்களும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. இக்கவர்ச்சி பொய்யானது எனக் கூறுவது எமது நோக்கமன்று. அழகுணர்ச்சியையே ஐயத்துடன் நோக்கும் கொச்சை மார்க்சியம் எமக்கு உடன்பாடானதுமன்று. ஆயின், எது கிராமமாகக் காணப்படுகின்றது, எது காணப்படாது விடப்படுகின்றது என்ற வினா எழுப்பப்படல் வேண்டும்.

இப்பார்வையின் தோற்றுவாயை ஆராயுமிடத்து, மாத்தளையில் குடியேற்ற ஆட்சியின் அதிகாரியாகவிருந்த மேஜர் ஜொனதன் ஃபோர்ப்ஸ் முக்கியத்துவம் பெறுகின்றார். 1831இல் சிகிரியாவைக் கண்டு எழுதிய அவரது 'இலங்கையிற் பதினோராண்டுகள்' என்னும் ஆங்கில நூல் 1840இல் இலண்டனில் வெளிவந்தது. வேட்டை, இயற்கை, வரலாறு, தொல்பொருள் என்பன அதன் உபதலைப்பிலேயே வரிசையாக நிற்கின்றன. உழைப்புக்கு அவ்வரிசையில் இடமில்லை. அதே 1840இல் முடிக்குரிய நிலங்கள் பற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. உறுதி காட்டவியலாத காடுகளும் சேனை நிலங்களும் அரசுடைமையாகக் கொள்ளப்பட்டுக் கோப்பித் தோட்டக்காரர் கைக்கு மாறின. ஆண்டுகள் ஒன்றானமை தற்செயலே. ஆனால் நிலத்தைக் காட்சியாகக் கண்டவரும் பண்டமாகக் கண்டவரும் ஒரே ஆளும் குழாத்தினர் என்பது தற்செயலன்று. நிலக்காட்சி என்ற எண்ணமே பார்வையாளன் உழைப்பிலிருந்து விலகி நிற்பதனால் உருவாவது என ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் 'நாட்டுப்புறமும் நகரமும்' என்ற நூலில் ஆங்கில இலக்கியத்தை முன்வைத்து விளக்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

'மாறாத' என்ற அடைமொழியும் ஆராய்வுக்குரியது. நாலந்தாக் கெடிகே என்னும் கற்றளி, போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டுக் கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு வேறிடத்தில் மீள நிறுவப்பட்டது. களுகங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய லக்கல நகர் கைவிடப்பட்டு, 2018இல் புதுநகர் திறக்கப்பட்டது.

இவற்றினும் ஆழமானது தோட்டம் பற்றிய மௌனம். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். காடுகளூடான அவ்வழியில் பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். இன்று பயணிகள் சிகிரியாவிலிருந்து கண்டிக்கு விரையும் திசையும் அதுவே. வழியிலே தேயிலைச் சரிவுகள் படமெடுக்கப்படுகின்றன. லயன்கள் படத்தின் விளிம்புக்கு அப்பாலேயே நின்றுவிடுகின்றன. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மனிதர் பிறந்து, மணந்து, புதைக்கப்பட்ட குடியிருப்பு ஏன் 'கிராமம்' ஆகவில்லை?

இது வெறும் இரசனைக் குறைபாடன்று. குடிசன மதிப்பீடு நாட்டை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்றாக வகுக்கின்றது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவையாற்றப் பிரதேச சபைகளுக்குத் தடையாகவிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு 2018இலேயே திருத்தப்பட்டது. பயண எழுத்தாளனின் கண்ணும் அரசின் ஏடும் இவ்விடயத்தில் ஒன்றுபட்டிருந்தன எனலாம்.

மொழியும் இதற்குச் சாட்சி. மலையகத்து மூத்த தலைமுறையினர் பேச்சில் 'ஊர்' என்பது கடல்கடந்த தமிழகக் கிராமத்தையே குறித்தது. வாழ்ந்த இடம் 'தோட்டம்' மாத்திரமே. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் பயண நூல்களுடன் ஒருசேரப் படிப்போர்க்கு இவ்வேறுபாடு புலனாகும். அப்பாடல்களில் மலை பார்ப்பதற்குரிய பொருளன்று. ஏறுவதற்குரியது, கொழுந்துக் கூடையோடு இறங்குவதற்குரியது. அவற்றை நாட்டாரியல் என்னும் தனிப்பெட்டியில் இட்டுப் பூட்டிவிட்டு, மாத்தளையின் இலக்கியச் சான்றுகளாக ஃபோர்ப்ஸ் போன்றோரை மட்டும் கொள்வது எமது பல்கலைக்கழக ஆய்வுகளும் செய்துவரும் தவறு என்பதையும் கூறியாகவேண்டும்.

2023ஆம் ஆண்டு யூலை இறுதியில் தலைமன்னாரிற் தொடங்கிய 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம், இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, முன்னோர் வந்த தடத்தில் ஓகஸ்ட்டில் மாத்தளையை அடைந்தது. நடந்தோர் முன்வைத்த கோரிக்கைகளுள் காணியுரிமையும் வீட்டுரிமையும் இருந்தன.