யார் வாய்ப் பழமொழி?

பழமொழிகளை மக்களின் அனுபவ ஞானமெனப் போற்றி அருளுரைகளில் எடுத்தாளுதல் நம்மிடையே நெடுநாள் வழக்கம். ஆயினும் அந்த ஞானம் யாருடையது, யாரை நோக்கிக் கூறப்பட்டது என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. பீட்டர் பெர்சிவல் 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை அகர வரிசையில் தந்தார். ஹெர்மன் ஜென்சன் 1897இல் பொருள்வாரியாக வகுத்தளித்தார். இரண்டும் அரும்பணிகளே. ஆனால் ஏட்டில் ஏறிய பழமொழி, சொன்னவர் வாயையும் கேட்டவர் முகத்தையும் இழந்துவிடுகிறது.

‘ஊரோடு ஒக்க ஓடு’, ‘அம்மண ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன்’, ‘எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குகிறவர் யார்?’ என்பவற்றை நெய்யூர் வட்டார வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம். தென் திருவிதாங்கூரில் தோள்சீலை அணிந்த நாடார் குலப் பெண்கள் ஊர் வழக்கத்தை மீறியவர்களாகக் கருதப்பட்டுத் தாக்கப்பட்டனர். சார்லஸ் மீட் ஐயர் 1828இல் நெய்யூரில் குடியேறினார். மறு ஆண்டே வந்த அரசாணை, உயர்சாதியார் போல் மேலாடை அணிவதை அப்பெண்களுக்கு மறுத்தது. 1859 ஜூலையில் வந்த ஆணையே மேலுடை அணியும் உரிமையை வழங்கிற்று, அதுவும் வரம்புடன். கோவணம் கட்டியவனைப் பார்த்துப் பழமொழி நகைக்கிறது, ஊரோ அடித்தது. பல்லக்கைச் சுமந்தவனுடைய செவியில் அந்த மூன்றாம் பழமொழி ஞானமாக அன்று, கட்டளையாகவே விழுந்திருக்கும்.

திருச்சபையும் இதற்கு விலக்கன்று. 1850களின் தொடக்கத்தில் மீட் ஐயர் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த இந்நாட்டுக் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தபோது, உடன் ஊழியரே அதனை ஏற்கவில்லை. அவர் லண்டன் மிஷனெரி சங்கத்தை விட்டு நீங்க நேர்ந்தது. மிஷன் வளாகத்துக்கும் ஓர் ஊர் வாய் இருந்தது.

அவ்வாறாயின் பழமொழிகளைத் தள்ளிவிடலாமோ? அன்று. ‘தனி மரம் தோப்பாகாது’ என்பதை ஊர்ப் பெரியவர் சொன்னால் அது அடங்கச் செய்யும் சொல். ஒடுக்கப்பட்டோர் தமக்குள் சொல்லிக்கொண்டால் அணிசேர அழைக்கும் சொல். தோள்சீலை அணிந்த பெண் தன் மனச்சாட்சிப்படியே நின்றாள். எனினும் அவள் நிலைத்து நிற்கச் சபை என்னும் தோப்பு வேண்டியிருந்தது. தனித்தன்மையும் கூட்டுறவும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பழமொழியை எதிர்த்துக் கேள்வி கேட்பது வேதத்துக்குப் புறம்பானதும் அன்று. பிதாக்கள் தின்ற காயால் பிள்ளைகளின் பல் கூசியது என்னும் இஸ்ரவேலின் பழமொழியை இனி வழங்கலாகாதென எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் விலக்குகிறது. அவனவன் தன் வழிக்குத் தானே பொறுப்பாளி என்கிறது. பிரசங்க பீடத்தில் பழமொழி சொல்லும் குருவானவர், அதனால் எவருடைய முதுகு நிமிர்கிறது, எவருடைய முதுகு வளைகிறது என்பதை முன்னரே எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்.