செம்பும் நிலவாடகையும்: அளவீடு பற்றியதொரு குறிப்பு

சுரங்க நிலவாடகையை அளவிடுதல் கணக்கியற் பிரச்சினையாக மட்டுமே கொள்ளப்பட்டு வருகின்றது. விளைபொருளின் உலகச் சந்தைப் பெறுமதியிலிருந்து உற்பத்திச் செலவையும் மூலதனத்துக்குரிய 'வழமையான' இலாபத்தையும் கழிக்க எஞ்சுவதே வாடகை என்பது உலக வங்கி கைக்கொள்ளும் முறையின் சாரமாகும். அவ்வழமையை வரையறுப்பவர் யார்? நிலவாடகை உடைமையுறவிலிருந்து பிறப்பதென மார்க்ஸ் 'மூலதன'த்தின் மூன்றாம் பாகத்தில் நிறுவியதை நாம் இங்கு நினைவுகூர்தல் வேண்டும்.

சிலியின் அனுபவம் இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. 1971 யூலையில் அங்கு பெருஞ் செம்புச் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டன. அமெரிக்கக் கம்பனிகளான அனகொண்டாவும் கென்னகொட்டும் 1955 முதல் ஈட்டிய இலாபத்தில் ஆண்டுக்கு 12 வீதத்தை விஞ்சிய பகுதியை மிகை இலாபமெனக் கொண்டு, அலண்டே அரசாங்கம் அதனை 77.4 கோடி டொலரெனக் கணித்தது. இழப்பீட்டிலிருந்து இத்தொகை கழிக்கப்பட்டபோது சுக்கிக்கமாத்தா, எல் தெனியெந்தே ஆகிய சுரங்கங்களுக்குக் கொடுப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. 12 வீதம் அரசியல் தீர்மானமே, மறுப்பதற்கில்லை. ஆயின் அதனைத் தன்னிச்சையானதென்போர், கம்பனியின் கணக்கேட்டிலுள்ள 'வழமை'யை இயற்கை நியதியாக ஏற்பது விந்தையே.

அரசின் கைக்கு வந்த வாடகை மக்களைச் சேர்ந்துவிடுமெனக் கொள்ளும் நம்மவர் சிலரும் இவ்வரலாற்றைத் தொடர்ந்து படித்தல் நன்று. 1973இல் அலண்டேயைக் கவிழ்த்த இராணுவ ஆட்சி அச்சுரங்கங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அரச நிறுவனமான கொடெல்கோவின் செம்பு ஏற்றுமதி வருவாயில் 10 வீதம் ஆயுதக் கொள்வனவுக்கெனப் படையினருக்குச் சென்றது. அதற்கு வழிவகுத்த சட்டம் நீக்கப்பட்டது 2019இலேயே.