மணிக்கூடும் மத்தியஸ்தரும்

கூடைப்பந்தாட்டத்திலே காலம் வெறும் எல்லையன்று. ஆட்டத்தின் உறுப்புகளுள் ஒன்று. உதைபந்தாட்டத்தில் மத்தியஸ்தர் இறுதி ஊதலை ஊதும்வரை எஞ்சிய நேரத்தை வீரர் திட்டமாக அறியார். கூடைப்பந்தாட்டத்திலோ ஊதல் ஒலித்ததும் மணிக்கூடு நிற்கும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களின் இறுதி நிமிடத்திலே செக்கனின் பத்திலொரு பங்கும் பலகையிலே தோன்றும். 0.3 செக்கனோ அதனிற் குறைவோ எஞ்சியிருப்பின் பந்தைப் பற்றி எறிதல் செல்லாது, தட்டிவிடுதலே செல்லும் என்று விதி வகுக்குமளவிற்கு அங்குக் காலம் நுணுகி அளக்கப்படுகின்றது. இத்துணை நுண்மையை வேண்டும் ஆட்டம், அதனை ஒரு மேசையருகே அமர்ந்திருப்பவரின் விரலுக்கு ஒப்படைத்துள்ளமை வியப்பிற்குரியது.

விரலின் பிழைக்கு 2007 ஜனவரி 25 ஆம் நாள் டியூக், கிளெம்சன் பல்கலைக்கழக அணிகளிடையே நிகழ்ந்த ஆட்டம் சான்றாகும். இறுதிச் செக்கன்களில் மணிக்கூடு பிந்தி இயக்கப்பட்டது. பின்னர் நேரத்தைத் திருத்தியமைத்தபோதும் அப்பிழை களையப்படவில்லை. அந்நேரத்துள் டியூக் அணி 68–66 என வென்றது. தவறு நேர்ந்ததென லீக் பின்னர் ஒப்புக்கொண்டது. எனினும் முடிவு மாறவில்லை. கல்லூரி ஆட்ட விதிநூல் ஆட்சேப மனுக்களை ஏற்பதேயில்லை.

இத்தகைய பிழைகளைப் பொறி தீர்த்துவிடும் என்பார் பலர். மத்தியஸ்தரின் ஊதல் ஒலியைக் கேட்டு மணிக்கூட்டைத் தானே நிறுத்தும் கருவி வந்துவிட்டது. ஐயம் எழும்போது ஒளிப்பதிவைத் திருப்பிப் பார்க்கவும் இடமுண்டு. இவற்றாற் பயன் இல்லையென்பது பொருந்தாது. ஆயினும் 2016 பெப்ரவரி 10 ஆம் நாள் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததை அவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். பொய்சி மாநில அணிக்கெதிரான அவ்வாட்டம் மேலதிக நேரத்திற் சமநிலையில் நின்றது. எஞ்சியது 0.8 செக்கன். பொய்சி வீரர் ஜேம்ஸ் வெப், எல்லைக்கு வெளியிலிருந்து வந்த பந்தைப் பற்றிய கணமே எறிந்தார். பந்து பலகையிற்பட்டுக் கூடையில் விழுந்தது. மத்தியஸ்தர்கள் ஒளிப்பதிவைப் பார்த்து, அதனோடு இணைந்த இலக்க நிறுத்தற் கடிகாரத்தால் அளந்தனர். எறிவதற்கு 0.8 செக்கனிலும் கூடிய நேரம் சென்றதென்றது அது. புள்ளி மறுக்கப்பட்டது, இரண்டாம் மேலதிக நேரத்தில் கொலராடோ அணி 97–93 என வென்றது. பின்னரே உண்மை வெளிப்பட்டது: அக்கடிகாரம் ஓடிய வேகமும் படம் ஓடிய வேகமும் ஒன்றல்ல. புள்ளி செல்லத்தக்கதே என்று அவ்வணிகளின் லீக் அறிவித்தது.

இங்கே மத்தியஸ்தரைக் குறைகூறுதல் எளிதன்று. அவர்கள் விதித்த முறைப்படியே ஒழுகினர். கண்ணை நம்பியிருந்தால் ஒருவேளை சரியான தீர்ப்பே கிட்டியிருக்கும். அளவுகோலை நம்பியமையாற் பிழைத்தனர்.

இதற்கு நேர்மாறானது 2011 மார்ச் 9 ஆம் நாள் நியூயோர்க்கில், பிக் ஈஸ்ட் சுற்றுப்போட்டியில் நிகழ்ந்தது. 65–63 என முன்னின்ற சென் ஜோன்ஸ் அணியின் வீரர், மணிக்கூட்டில் 1.7 செக்கன் எஞ்சியிருக்க எல்லைக்கோட்டை மிதித்தார். வெற்றிக் களிப்பிற் பந்தையும் மேலே வீசினார். ஊதல் ஒலிக்கவில்லை. மத்தியஸ்தர் மூவரும் களத்தை விட்டகன்றனர். றட்கர்ஸ் அணிக்குக் கிடைக்கவேண்டிய இறுதி வாய்ப்பு கிடைக்கவில்லை. லீக் தவறை ஒப்புக்கொள்ள, மூவரும் அச்சுற்றுப்போட்டியின் எஞ்சிய ஆட்டங்களிலிருந்து விலகினர். இது கருவியின் குற்றமன்று, அறிவின் குற்றமுமன்று. இரண்டு செக்கன் பொறுத்திருந்தாற் போதும். மூன்றனுள்ளும் மன்னித்தற்கரியது இதுவே.

பிழையைக் களத்திலேயே எப்படியாவது திருத்தவேண்டும் என்று வாதிடுவோர் 1972 ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தை மறத்தலாகாது. ஐக்கிய அமெரிக்காவின் சார்பில் ஆடியவர்கள் பெரும்பாலும் கல்லூரி வீரர்களே. டக் கொலின்ஸ் ஈட்டிய இரு புள்ளிகளால் 50–49 என முன்னின்றது அவ்வணி; எஞ்சியவை மூன்று செக்கன்கள். அவை மூன்றும் மும்முறை ஆடப்பட்டன. மத்தியஸ்தர் மேசைக்கு இறங்கிவந்து மூன்று செக்கன்களையும் மீட்டளிக்கப் பணித்தவர் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ். ஆட்டத்தின் நடுவே அவ்வாறு பணிக்கும் அதிகாரம் அவர்க்கில்லை. அதன்பின்னரும் மணிக்கூடு சரிவர அமைக்கப்படுமுன்னரே ஆட்டம் தொடங்கியமையால் மீண்டும் ஆடவேண்டியதாயிற்று. இறுதியில் அலெக்சாந்தர் பெலோவ் பந்தைக் கூடையிலிட, சோவியத் அணி 51–50 என வென்றது. மேன்முறையீடு 3–2 என்ற வாக்கில் தள்ளுபடியானது; அமெரிக்கர் வெள்ளிப் பதக்கங்களை ஏற்க மறுத்தனர். சோவியத் அணிக்குரிய செக்கன்கள் உண்மையிலேயே இழக்கப்பட்டிருக்கலாம். ஆனால் உரிமையில்லாதவர் வாயினின்று பிறந்த திருத்தம், பிழையினும் பெரிய பிழையாகவே தோற்றோர்க்குத் தோன்றிற்று.

ஆதலின் முடிவை மறுநாள் மாற்றுவதன்று வேண்டுவது. களத்திலே, உரியவர் கையில், சோதிக்கப்பட்ட அளவுகோல் இருத்தலே வேண்டுவது. கொலராடோவில் அது செய்யக்கூடியதாகவே இருந்தது. ஆட்ட மணிக்கூடு தெளிவாய்த் தோன்றும் வேறொரு படப்பகுதியை எடுத்து, பலகையில் ஐந்து செக்கன் கழிகையில் நிறுத்தற் கடிகாரமும் ஐந்து காட்டுகின்றதா என்று பார்த்திருந்தால், வேறுபாடு அப்பொழுதே புலப்பட்டிருக்கும்.