கோது எலும்பாகுமா?

மட்டக்களப்பு வாவி நண்டும் இறாலும் கறியான பின் மிஞ்சும் கோதில் மருத்துவப் பொருள் இருக்கிறது என்பது வெறும் ஆசைப்பேச்சு அல்ல. கைற்றின் என்ற பல்பகுதியமும் கல்சியம் காபனேற்றும் பின்னிய கலப்புப்பொருளே நண்டுக்கோது. அமிலத்தால் கனிமத்தையும் காரத்தால் புரதத்தையும் நீக்கி, செறிந்த காரத்தில் மீண்டும் காய்ச்சி கைற்றினின் அசற்றைல் தொகுதிகளைக் கழற்றினால் கைற்றோசான் கிடைக்கும். எலும்பின் கனிமமான ஐதரொட்சிஅப்பற்றைற்றை அதனோடு சேர்த்து எலும்புக்குழி நிரப்பும் பொருளாக்குவது உலகெங்கும் நடக்கும் ஆய்வு. "இயற்கையானது, ஆகவே உடலுக்கு இணங்கும்" என்ற வாதத்தோடுதான் எனக்கு வழக்கு.

உயிரிணக்கம் ஒரு பொருளுக்குள் உறையும் குணமன்று. 1987இல் உயிர்ப்பொருள் ஆய்வாளர் டேவிட் வில்லியம்ஸ் தந்த வரையறையும் குறித்த பயன்பாட்டையும் தகுந்த எதிர்வினையையும் சேர்த்தே பேசுகிறது. அந்த எதிர்வினையில் நொதியங்களுக்குப் பெரும் பங்குண்டு. கைற்றோசானை உடலில் வெட்டும் லைசோசைம் என்ற நொதியம், அசற்றைல் தொகுதிகள் எஞ்சிய இடங்களைத்தான் பற்றும். காய்ச்சும்போது அவற்றை மிகுதியாகக் கழற்றினால் பொருள் நெடுநாள் கரையாது. அளவுக்கு மீறி விட்டுவைத்தால் புது எலும்பு வளருமுன் கரைந்துவிடலாம். அப்பற்றைற்றோ புரதங்களை ஒட்டவைப்பதில் பேர்போனது. ஆய்வுகூடங்களில் புரதம் பிரிக்கும் நிரல்களில் அதையே நிரப்புகிறார்கள். வெட்ட வந்த நொதியத்தையும் அது பிடித்துவைக்கக்கூடும்.

சோதனையிலும் இதே சிக்கல். ஐஎஸ்ஓ 10993-5 நெறிப்படி, உயிர்க்கலங்களின் வாழ்திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொருளுக்கு நச்சுத்தன்மை இருக்கலாம் என்று கொள்வர். அதை அளக்கும் எம்டிடி சோதனையில் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவது கலத்தின் நொதியங்களே. நொதியம் தடைப்பட்டாலும் கலம் செத்ததுபோலத் தெரியும். எலும்பு உருவாவதற்குச் சான்றாகக் காட்டப்படும் காரப் பொசுபற்றேசு, பொசுபேற்றால் தடுக்கப்படும் நொதியம். கனிமம் கரைந்து பொசுபேற்றை விடும் கலப்புப்பொருளில் அந்த நொதியத்தின் அளவீடு குறைந்தால், கலம் சோர்ந்ததா, நொதியம் தடைப்பட்டதா? தனிக் கட்டுப்பாட்டுச் சோதனை வைக்காத கட்டுரை இதற்குப் பதில் சொல்லாது.

வாவிக்கென்று இன்னொரு கேள்வியும் உண்டு. 56 கிலோமீற்றர் நீளத்தில் உப்புத்தன்மை இடத்துக்கிடம் மாறுகிறது. நண்டு கோது கழற்றும் பருவத்தைப் பொறுத்து கோதின் கனிம அளவும் மாறுகிறது. ஆகவே ஒரு தொகுதிக் கோதுக்குக் கிடைத்த சான்று அடுத்த தொகுதிக்குச் செல்லாது. ஒவ்வாமை தரும் இறால் புரதம் மிஞ்சவில்லை என்பதையும் ஒவ்வொரு முறையும் காட்டியாக வேண்டும்.

என் தீர்ப்பு: பல் பிடுங்கிய குழிக்கும் சுமை தாங்காத சிறு குறைகளுக்கும் இந்தப் பொருள் தகும், சுமை தாங்கும் தொடையெலும்புக்குத் தகாது. அசற்றைல் நீக்க அளவு, மிச்சப் புரதம், லைசோசைம் கரைசலில் எடையிழப்பு ஆகிய மூன்றும் இல்லாத அறிக்கை எவ்வளவு அழகான ஊதா நிறத்தைக் காட்டினாலும் அதை ஏற்கக் கூடாது.