விளக்கு தந்தவர்களும் சுரங்கத்தைத் தடுத்தவர்களும்

2022 மார்ச் 21 அன்று பாய்ராவில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையத்தைத் திறந்துவைத்த அன்றைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, நாடு முழுவதும் மின்சாரம் எட்டிவிட்டதாக அறிவித்தார். உலகின் மிகப் பெரிய வீட்டுச் சூரியமின் திட்டம் நடந்த நாடு அது. நிலக்கரிச் சுரங்கம் ஒன்றை உயிரைக் கொடுத்துத் தடுத்த நாடும் அதுதான். இத்தனைக்குப் பிறகும் அந்த நாடு மின்சாரத்துக்கு இறக்குமதி நிலக்கரியில் போய் நின்றது ஏன்?

முதலில் தொண்டு நிறுவனங்களின் கணக்கு. 1996இல் தொடங்கிய கிராமீன் சக்தி, சூரியமின் தகட்டைத் தானமாகத் தராமல் தவணையில் விற்றது. சிறு தொகை முன்பணம். மீதியைப் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளில் மாதாமாதம் கட்டலாம். தவணை வாங்க வருபவரே பேட்டரியையும் வயரையும் பார்த்துவிட்டுப் போவார். கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று விளக்குகளையும் சார்ஜ் கன்ட்ரோலர்களையும் பொருத்தினார்கள், பழுது பார்த்தார்கள். 2003இல் அரசு நிதி நிறுவனமான இட்கால், உலக வங்கிப் பணத்துடன் இந்த முறையைப் பல தொண்டு நிறுவனங்கள் வழியாகப் பரப்பியது. 2018க்குள் 41 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தகடுகள் ஏறின. மண்ணெண்ணெய் விளக்கு பின்வாங்கியது. மின்வாரியம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று காட்டியது பெரிய சாதனைதான்.

ஆனால் நியாயம் என்ற அளவுகோலை வைத்தால் கணக்கு இடிக்கிறது. நகரவாசி மானிய விலையில் மின்கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டபோது, கிராமத்து ஏழை நாலு பல்பு எரியக் கடன் வாங்கித் தன் மின்நிலையத்தைத் தானே வாங்க வேண்டியிருந்தது. மிக ஏழைகளுக்கு அந்தத் தவணையும் எட்டவில்லை. பிறகு மின்கம்பி ஊருக்குள் வந்தது; நிவாரணத் திட்டங்களில் அரசே இலவசமாகத் தகடு கொடுத்தது. பலர் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். வசூல் நின்ற நிறுவனங்கள் கடனில் மாட்டின. கொள்கை மாறியதன் நஷ்டம், கொள்கையை வகுப்பதில் பங்கே இல்லாதவர்கள் தலையில் விழுந்தது.

சுரங்கத்தைத் தடுத்த இயக்கத்தின் கதை வேறு. தினாஜ்பூர் மாவட்டத்தின் ஃபுல்பாரியில் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று திறந்தவெளிச் சுரங்கம் தோண்ட வந்தது. சுமார் 40,000 பேர் இடம்பெயர வேண்டியிருக்கும் என்பது கம்பெனியே சொன்ன கணக்கு. 2006 ஆகஸ்ட் 26 அன்று திரண்ட கூட்டத்தின் மீது துணை ராணுவம் சுட்டதில் மூவர் இறந்தனர். நாலே நாளில் அரசு இறங்கிவந்து போராட்டக்காரர்களுடன் ஒப்பந்தம் போட்டது. சுரங்கம் இன்றுவரை தோண்டப்படவில்லை. எந்தத் தொண்டு நிறுவனத்தாலும் ஆகாத காரியம் இது.

அதே இயக்கத்தின் தேசியக் குழு, சுந்தரவனக் காட்டை ஒட்டிய ராம்பால் அனல்மின் நிலையத்தை எதிர்த்து 2013இல் நெடும்பயணம் போனது. ஆனால் ராம்பாலைத் தடுக்க முடியவில்லை. ஃபுல்பாரியில் ஊரே தன் வயலுக்காக மறித்து நின்றது. மின்நிலையங்களோ அமைச்சக அறைகளில் கையெழுத்தாகின்றன. 2010இல் வந்த சிறப்புச் சட்டம், மின்துறை ஒப்பந்தங்களை டெண்டர் இல்லாமல் தரவும், அவற்றை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி செய்யவும் வழி வகுத்தது. ‘நிலக்கரி வேண்டாமென்றால் மின்சாரத்துக்கு என்ன வழி?’ என்ற கேள்விக்குக் குழு 2017இல் விரிவான மாற்றுத் திட்டம் வைத்தது. அதற்குள் நிலக்கரி நிலையங்களின் கட்டுமானம் தொடங்கியிருந்தது.

மாற்றைச் செய்துகாட்டிய அனுபவம் தொண்டு நிறுவனங்களிடம் இருந்தது; வேண்டாம் என்று சொல்லும் துணிவு இயக்கத்திடம் இருந்தது. அரசு நிறுவனத்தின் கடனில் ஓடும் அமைப்பு, அரசின் நிலக்கரிக் கொள்கைக்கு எதிராகத் தெருவில் இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எத்தனை தகடு ஏறியது என்று ஒருவரும், எந்தத் திட்டம் நின்றது என்று இன்னொருவரும் எண்ணிக்கொண்டிருக்க, ஒப்பந்தமும் கட்டணமும் இருவருக்கும் எட்டாத இடத்தில் முடிவாயின.

அந்தச் சிறப்புச் சட்டத்தை 2024 நவம்பரில் ரத்து செய்தது, மாணவர் எழுச்சியால் ஹசீனா ஆட்சி கவிழ்ந்தபின் வந்த இடைக்கால அரசு. அந்த எழுச்சி தொடங்கியது வேலை இடஒதுக்கீட்டுப் பிரச்சினையில். மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பருவநிலைக்காக உழைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்கும் உரிமை இல்லாத நாட்டில், நல்ல தொழில்நுட்பமும் வீரமான போராட்டமும் பாதி தூரம்தான் போகும்.