கெண்டைக்காலின் வலிமை: 25 என்ற எண் போதுமா?

சுவரின் அருகில் நில்லுங்கள். தடுமாறாமல் இருக்க விரல் நுனிகளால் மட்டும் சுவரைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு, மற்றக் காலின் முழங்காலை மடக்காமல் குதிகாலை உயர்த்தி எழும்புங்கள், பிறகு இறங்குங்கள். இப்படி எத்தனை முறை செய்ய முடிகிறது? கெண்டைக்கால் தசைகளின் வலிமையை அறிய மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் சோதனை இதுதான். கருவி வேண்டாம்; செலவும் இல்லை. ஆனால் இது தரும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

கையால் அழுத்திப் பார்த்தே வலிமையைச் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நெம்புகோல் கணக்கு ஒன்று போட்டால் விடை கிடைத்துவிடும். கணுக்கால் மூட்டிலிருந்து முன்பாதம் 12.5 செ.மீ. தொலைவிலும், குதிகாலை இழுக்கும் அக்கிலீஸ் நாண் 5 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். 60 கிலோகிராம் எடையுள்ளவர் ஒற்றைக் காலில் எழும்பி நிற்கையில், திருப்புத்திறன்கள் சமமாக வேண்டுமானால் நாண் 150 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் இழுக்க வேண்டும். இத்தகைய தசையின் குறைபாட்டைச் சோதிப்பவரின் கை எப்படி உணரும்? எனவேதான் உடல் எடையையே சுமையாக்கினார்கள். இது நல்ல யோசனையே.

குறை எண்ணிக்கையில் தொடங்குகிறது. 1995இல் அமெரிக்காவில் லன்ஸ்ஃபோர்டு, பெர்ரி என்ற இருவர் நலமுள்ள 203 பேரைச் சோதித்து, 25 முறை எழும்புவதை இயல்பான அளவு என்று பரிந்துரைத்தனர். அந்த ஆய்வின் சராசரி 27.9. ஆனால் அதே நலமுள்ளவர்களில் 6 முறை மட்டும் எழும்பியவரும் இருந்தார், 70 முறை எழும்பியவரும் இருந்தார்! இவ்வளவு பரந்த வீச்சுள்ள அளவில், ஒரே ஓர் எண்ணை எல்லைக்கோடாக வைப்பது எவ்வளவு பொருந்தும்? உயரம் மிகவும் குறைந்தால் சோதனையை நிறுத்தும் விதியும் அந்த ஆய்வில் இருந்தது. பலருடைய நினைவில் விதி மறைந்து, 25 மட்டும் நிலைத்துவிட்டது.

இதன் விளைவை நான் நேரில் கண்டேன். என் வகுப்பு மாணவர் ஒருவர் கபடி வீரர். அக்கிலீஸ் நாண் கிழிந்து, ஆறிய பின், "25 முறை எழும்பிவிட்டேன் சார், இனி விளையாடலாமாம்" என்று மகிழ்ச்சியோடு வந்தார். ஆய்வுக்கூடச் சுவரில் மீட்டர் அளவுகோலை நிறுத்தி, அவர் தலையுச்சி ஒவ்வொரு முறையும் எவ்வளவு உயர்கிறது என்று மற்றொரு மாணவரைப் படிக்கச் சொன்னேன். நல்ல காலில் சராசரி 9 செ.மீ.; அடிபட்ட காலில் 6 செ.மீ. அவர் எடை 60 கிலோகிராம். வேலை என்பது எடை, உயரம் இவற்றின் பெருக்கல் அல்லவா? 25 முறைக்கு நல்ல கால் செய்த வேலை 1323 ஜூல். அடிபட்ட கால் செய்தது 882 ஜூல். எண்ணிக்கை ஒன்றே, வேலையோ மூன்றில் இரண்டு பங்குதான்! கிழிந்த நாண் சற்று நீண்டு ஆறினால், தசை எவ்வளவு சுருங்கினாலும் குதிகால் முழு உயரத்துக்கு எழாது. எண்ணிக்கை இதைக் காட்டுவதில்லை. நான் மருத்துவன் அல்லன். இந்த எண்களைச் சிகிச்சை அளிப்பவரிடம் காட்டும்படி அனுப்பினேன். அவரும் மேலும் சில மாதப் பயிற்சிக்குப் பிறகே ஆட வேண்டும் என்றார்.

அடுத்தது முழங்காலின் நிலை. கெண்டைக்காலில் முக்கியமான தசைகள் இரண்டு. மேலே இருக்கும் காஸ்ட்ரோக்நீமியஸ் தொடையெலும்பில் தொடங்கி, முழங்காலையும் கணுக்காலையும் கடந்து செல்கிறது. அதன் அடியிலுள்ள சோலியஸ் முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. முழங்காலை மடக்கினால் முதல் தசை தளர்ந்து அதன் விசை குறைகிறது. சோலியஸின் பங்கு கூடுகிறது. எனவே "முழங்காலை மடக்கிச் சோதித்தால் சோலியஸை மட்டும் அளக்கலாம்" என்கிறார்கள். இது பாதி உண்மை. மேல்தசையின் விசை குறைகிறதே ஒழிய மறைந்துவிடுவதில்லை. மேலும், முழங்காலை மடக்கி நின்று எழும்பும்போது அது சிறிதே நிமிர்ந்தாலும் தொடைத் தசை உடலைத் தூக்கிவிடுகிறது. தொடை செய்த வேலை கெண்டைக்காலின் கணக்கில் சேர்கிறது! நாற்காலியில் அமரச் செய்து, முழங்காலை 90 பாகையில் வைத்து, தொடையை அசையாமல் இறுக்கி, முன்பாதம் அழுத்தும் விசையை அளப்பது இதைவிடச் செம்மையான முறை. கணுக்காலின் கோணத்தையும் குறிக்க வேண்டும். பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்த நிலையில் தசை முன்பே சுருங்கியிருப்பதால் அதன் விசை குறையும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இரண்டு அளவீடுகளுக்கிடையே ஒட்டுறவுக் கெழு உயர்வாக இருந்தால், "முறை நம்பகமானது" என்று எழுதிவிடுகிறார்கள். மூவரை ஒரு கருவி 100, 110, 120 நியூட்டன் மீட்டர் என்றும், மறுநாள் அதுவே 80, 90, 100 என்றும் காட்டுவதாகக் கொள்வோம். ஒட்டுறவுக் கெழு முழுமையாக 1! ஆனால் ஒவ்வொருவருக்கும் 20 குறைந்திருக்கிறது. ஒட்டுறவு வேறு, ஒத்துப்போதல் வேறு என்பதை 1986இல் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற புள்ளியியல் அறிஞர்கள் தெளிவாக எடுத்துக்காட்டினர்.

ஆகவே, இச்சோதனையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கையோடு உயரத்தையும், முழங்காலின் கோணத்தையும், இரு கால்களின் ஒப்பீட்டையும் சேர்த்து எழுதுங்கள். மற்றொரு நாளிலும் அளந்து வேறுபாட்டைக் குறியுங்கள் என்றே வேண்டுகிறேன். இதற்குத் தேவை ஓர் அளவுகோலும் கொஞ்சம் பொறுமையும்தான். அலகும் நிபந்தனையும் இல்லாத எண் அளவீடு ஆகாது என்பதை நாம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே கற்கிறோம். ஒருவர் மீண்டும் ஓடலாமா, கூடாதா என்று முடிவு செய்யும் இடத்தில் அந்தப் பாடத்தை மறந்துவிடலாமா?