காவ வேண்டிய சைக்கிள்

"சைக்கிள் எண்டால் அது எங்களைக் காவோணும் தம்பி. நாங்கள் அதைக் காவக்கூடாது."

யாழ்ப்பாணத்தில், நல்லூரைத் தாண்டி ஒரு சைக்கிள் கடையில், என் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே ஒரு பெரியவர் சொன்னார். அங்கே காவுவது என்றால் சுமப்பது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சட்டத்தின் நடுவில் இருந்த கீலை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட பக்கத்திலை சைக்கிள் ஏழையளின்ரை வாகனம். இப்ப காசுள்ள ஆக்கள் அதை மடிச்சு வச்சு விளையாடுறீங்கள். எங்களுக்கு அது வீட்டிலை ஒரு பிள்ளை" என்றார். மனத்தில் பட்டதைச் சொல்லிவிட்டு, ரியூபுக்கு ஒட்டுப் போட்டு, காற்றடித்து, கொடுத்த காசில் பாதியைத் திருப்பித் தந்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை. சொல் மட்டும் தைத்துக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து பல வாரங்கள் ஆகியும் இறங்காததால் இதை எழுதுகிறேன்.

2024 ஆகஸ்டில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மறுபடி ஓடத் தொடங்கிய 'சிவகங்கை' கப்பலில்தான் அந்த சைக்கிளை மடக்கிப் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். ஏறத்தாழ 4 மணி நேரக் கடல். கரை இறங்கி, பையைத் திறந்து, இரண்டு கீல்களை நிமிர்த்திப் பூட்டி, இருக்கையை உயர்த்தினால் வண்டி தயார். அந்தத் துறைமுகத்து வாசலிலிருந்தே மிதித்துக்கொண்டு கிளம்பியபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க மாட்டேன்.

எங்களூர்ப் பேச்சில் அது 'மடக்கு சைக்கிள்'. பெரியவர் சொன்னது 'மடிக்கிற சைக்கிள்'. இந்த ஒரு சொல்லிலேயே பார்வை வேறாகிவிடுகிறது. எங்கள் காதுக்கு மடிப்பது துணியை; கத்தியையும் கட்டிலையும் நாற்காலியையும் மடக்குவோம். மடக்கியது மறுபடி நிமிர்ந்து வேலை செய்யும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லில் இருக்கிறது.

என் வண்டிக்கு 20 அங்குலச் சக்கரம், 2 அங்குல அகலமுள்ள டயர், 7 கியர். எடை சுமார் 14 கிலோ. சின்னச் சக்கரம் குழியில் இறங்கினால் பெரிய சக்கரத்தைவிட ஆழமாக இறங்கும். ஆகவேதான் அகல டயர். காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் சரளைக் கல்லை அது விழுங்கிக்கொள்ளும். வண்டியின் உயிர் கீலில் இருக்கிறது. செம்மண் தூசி அதற்குள் புகுந்தால் உப்புத்தாள் போல இரும்பைத் தேய்த்துவிடும். தினமும் துணியால் துடைத்து, வாரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஏறுவதற்கு முன் பூட்டு அழுந்தியிருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். நின்று மிதிக்கும்போது சத்தம் வந்தால் உடனே இறங்கிவிட வேண்டும். இவ்வளவு கவனிப்பைக் கேட்கும் ஒன்றை விளையாட்டுப் பொருள் என்று எப்படிச் சொல்வது? குழந்தைகள் சைக்கிளுக்கும் இதே 20 அங்குல அளவு வருவதால், எங்கள் பக்கத்துச் சுங்குவார்சத்திரத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ சாதாரணக் கடையிலேயே டியூப் வாங்கிக்கொள்ளலாம்.

இதை ஏன் வாங்கினேன் என்பதற்கு எங்கள் ஊரைச் சொல்லியாக வேண்டும். ராமானுஜர் பிறந்த ஊர் என்று ஸ்ரீபெரும்புதூரை உலகம் அறிந்திருந்தது. 1998-இல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவந்தன. 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலை வந்தது, 2014-இல் நின்றது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. அப்போலோ டயரும் இங்கேதான் உருளுகிறது. கார், லாரி, பைக், டயர் என்று சாலையில் ஓடும் எல்லாவற்றையும் செய்கிற இந்தப் பகுதியில், ஸ்ரீபெரும்புதூரிலும் சரி ஒரகடத்திலும் சரி, பயணிகள் இறங்க ஒரு ரயில் நிலையம் இல்லை.

ஆகவே எங்கள் தூரம் துண்டு துண்டானது. செங்கல்பட்டு மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்க வேண்டும். முழு சைக்கிளை அந்தக் காலை நெரிசலில் ஏற்ற முடியாது. மடக்கியது கால்களுக்கு இடையில் நிற்கும். இறங்கியதும் திருக்கச்சூர், ஆப்பூர் பக்கமாக மிதிக்க வேண்டும். பெரிய சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் ஓரத்தில் மிதிப்பது உயிரோடு விளையாடுவது. அதனால் ஏரிக்கரைக்கு இறங்கிவிடுவேன். கரையில் சரளை, மாட்டுக் குளம்புத் தடம், மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் வெடிப்பு. மழை கொட்டினால் மடக்கி, கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொள்வேன். அறைக்குப் போனால் கட்டிலுக்கு அடியில். மாத்தூரிலும் வல்லத்திலும் ஓர் அறைக்கு மூன்று நான்கு பேர் தங்கும் வீடுகளில், வாசலில் விட்ட சைக்கிள் காலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ரயில், கரை, பஸ், கட்டிலடி என்ற நான்கு துண்டுகளையும் ஒரே கயிற்றில் கோக்கத்தான் அந்தக் கீல்.

யாழ்ப்பாணத்தின் தூரம் முழுசானது. தட்டையான மண். ஒழுங்கையிலிருந்து ஒழுங்கை, வேலியோரமாகவே ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர். வீட்டு வாசலில் ஏறினால் போய்ச் சேருமிடத்து வாசலில் இறங்கலாம். அங்கே கீலுக்கு என்ன வேலை? 28 அங்குலச் சக்கரம், நேர் ஹேண்டில், உறுதியான கரியர் போதும். 'றலி' சைக்கிளைத் தகப்பன் மகனுக்குக் கொடுத்த கதைகளையும், லுமாலா சைக்கிளை முதல்முதலாக வாங்கிய கதைகளையும் கேட்டேன். சேலை உடுத்த பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்து போகும் அழகு கண்ணிலேயே நிற்கிறது. 4 நாள் பார்த்த கண்ணுக்கு இவ்வளவு தெரிந்தது.

சொற்களில்தான் நான் அதிகம் மயங்கினேன். நாங்கள் டயர், டியூப், பிரேக், ரிம் என்கிறோம். அவர்கள் ரயர், ரியூப், பிறேக், றிம். டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற தொல்காப்பியர் காலத்து விதி, பஞ்சர் ஒட்டும் கடையில் இன்னும் உயிரோடிருப்பதைப் பார்த்தேன். ஆனால் டயரையே வார்க்கிற மண்ணில் பிறந்தவனுக்கு அதை ரயர் என்று சொல்ல நா வளையவில்லை.

நாங்கள் சைக்கிளை 'ஓட்டுகிறோம்'. அவர்கள் சைக்கிள் 'ஓடுகிறார்கள்'. "உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?" என்று ஒரு சிறுமி கேட்டபோது ஒரு நொடி விழித்தேன். ஓட்டுதல் பிறவினை, வண்டி வேறு, அதை ஓடச் செய்கிற நான் வேறு. ஓடுதல் தன்வினை, ஆளும் வண்டியும் ஒன்றாகவே ஓடுகிறார்கள். பெரியவர் அதைப் பிள்ளை என்றதன் பொருள் இதற்குள் இருக்கிறது. அழகான வழக்குதான். ஆனாலும் சரளை மேட்டில், பின்னால் லாரி வரும்போது, வண்டியைப் பிடித்து அடக்கி ஓட்டத் தெரிந்தவனே தப்புவான். எங்கள் நிலம் எங்களுக்குப் பிறவினையைக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

அவர்கள் 'உழக்குகிறார்கள்', நாங்கள் 'மிதிக்கிறோம்'. அங்கே அரசாங்கத் தமிழில் அது 'துவிச்சக்கரவண்டி', இங்கே 'மிதிவண்டி'. ஒன்று சக்கரத்தை எண்ணிச் சொல்கிறது, மற்றது காலின் உழைப்பைச் சொல்கிறது. எனக்கு எது நெருக்கம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி அந்த 'ஏழையளின்ரை வாகனம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆம், எங்களூரில் ஏழைகள் சைக்கிளில் போகிறார்கள். அதில் எங்களுக்கு என்ன குறை? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கல் குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரமாயிரமாய் சைக்கிள் கற்றார்கள். கணவனுக்கோ பஸ்ஸுக்கோ காத்திராமல் தண்ணீருக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் தாங்களே போனார்கள். 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியது. பிறகு அது அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எல்லோருக்குமானது. சுங்குவார்சத்திரத்து ஆலைகளுக்கு இன்று வேலைக்கு வரும் பெண்களில் எத்தனையோ பேர் அந்த சைக்கிளில் பள்ளிக்குப் போனவர்கள். பிள்ளை என்று கொஞ்சாமல் இருக்கலாம். ஒரு தலைமுறையை மேல்நிலைப் பள்ளிவரை கொண்டு சேர்த்த வண்டி அது.

மடக்கு சைக்கிள் பணக்கார விளையாட்டு என்பதும் சரியில்லை. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் குதித்த பிரிட்டிஷ் வீரர்களுக்காக பிஎஸ்ஏ நிறுவனம் 1942 முதல் மடக்கு சைக்கிள் செய்தது. வளைந்த இரட்டைக் குழாய்ச் சட்டம், நடுவில் இரண்டு கீல், கையால் திருகும் மரை. விழுந்த இடத்தில் பாதை இருக்காது என்று தெரிந்தே செய்த வண்டி. அந்த பிஎஸ்ஏ என்ற பெயரைத்தான் பின்னாளில் அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் எங்கள் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதே போரில் வானிலிருந்து இறக்கப்பட்ட 125 சிசி மோட்டார் சைக்கிள் ராயல் என்ஃபீல்டின் 'ஃபிளையிங் ஃப்ளீ'. 2024 நவம்பரில் அந்தப் பெயரை மின்சார வண்டிகளுக்கு மறுபடி வைத்த நிறுவனத்தின் ஆலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. இறக்கி, நிமிர்த்தி, கரடுமுரடில் ஓட்டுவது என்ற யோசனைக்கு எங்கள் மண்ணோடு உறவு உண்டு.

யாழ்ப்பாணத்திலேயே அதற்குச் சாட்சி கிடைத்தது. குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போனபோது, என் பை என் முழங்காலருகே கிடந்தது. தீவில் இறங்கி, பவளக்கல் மதில்களுக்கு நடுவே, கல் பெயர்ந்த பாதையில் குதிரைகள் மேயும் வெளிவரை அந்த 2 அங்குல டயர் ஒரு முனகலும் இல்லாமல் போனது. படகிலிருந்து இறங்கிய மற்றவர்கள் தங்கள் முழு சைக்கிள்களையும் தூக்கி இறக்கினார்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் வாங்க, எனக்கு முன்பாகவே ஏறிப் போய்விட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் காட்சியைப் பார்த்த பிறகே பெரியவர் கடையில் பேசியதன் மீதிப் பகுதி எனக்கு விளங்கியது. ஒட்டு காயும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தது 1990-களின் கதை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லை; மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைந்தன. குடாநாடே சைக்கிளில் ஓடியது. நோயாளியும் விறகும் நெல் மூட்டையும் சைக்கிளில் போயின. மின்சாரமும் பேட்டரியும் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். 1995 அக்டோபர் 30-இல் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் ஏறி ஓட இடமில்லாமல், மூட்டைகளைத் தொங்கவிட்டு உருட்டிக்கொண்டே நடந்தார்கள். கிளாலிக் கடல்நீரேரியில் இரவில் படகேறியவர்கள் சைக்கிளையும் ஏற்றினார்கள்.

அப்படியானால் அவர்களும் காவியிருக்கிறார்கள். நான் கடையிலேயே அதைக் கேட்டிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் வரவில்லை. காவிக் களைத்தவர் சொன்ன சொல் அது என்பது பிறகுதான் புரிந்தது. சைக்கிள் தன்னைக் காவ வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் நியாயம் உண்டு.

ஆனால் காவுதல் இழிவு என்று மட்டும் நான் ஒப்ப மாட்டேன். 'காவு' என்ற சொல்லைச் சுமப்பது என்ற பொருளில் எங்கள் பேச்சு தொலைத்துவிட்டது. அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தலைவணங்குகிறேன். என்றாலும் அந்தச் சொல்லின் பிள்ளை எங்களிடமும் இருக்கிறது. ஒரகடத்துக்குப் பக்கத்து வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஆடிக் கிருத்திகையில் காவடி வரும். ஷிஃப்ட் முடித்து, சீருடையை மாற்றிக்கொண்டு, தோளில் காவடி ஏற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். விரும்பியதைத் தோளில் வைத்துக்கொள்வது எங்களுக்குப் பாரம் இல்லை.

சென்ற மழையில் ஒரு நாள், ஏரி நிறைந்து கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. முழங்காலளவு நீர், அடியில் பாசி. சுற்றிப் போனால் ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும். சைக்கிளை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகக் கடந்தேன். நனைந்துபோய் ஆலை வாசலில் நின்றபோது காவலாளி, "கலங்கல் போகுதே, எப்படி சார் வந்தீங்க?" என்றார்.

"காவிக்கிட்டு வந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. "தூக்கிக்கிட்டு வந்தேன்" என்று திருப்பிச் சொன்னேன். முதலில் வந்த சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.